மகள் செய்தியாளராகப் போகிறாள் என்றால்

அன்புள்ள அம்மா,

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு மகள் "ஊடகத்துறைதான் படிப்பேன்" என்று நிற்கிறாள், எனக்கு நித்திரையே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். திருகோணமலையில் வாழும் தாய்க்கு அந்தப் பயம் வராமல் இருக்குமா?

2006 ஜனவரி 2, நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. சுடர் ஒளி பத்திரிகையின் செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச்சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அவர் அன்று போர்முனையில் நிற்கவில்லை, அம்மா. 2001இல் வன்னியில் ஒரு கண்ணை இழந்த வெளிநாட்டுப் போர்ச் செய்தியாளர் மேரி கொல்வின், 2012இல் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் கொல்லப்பட்டார். அது களத்து ஆபத்து. உள்ளூர்ச் செய்தியாளருக்கோ செய்தி வெளிவந்த பிறகுதான் ஆபத்து தொடங்குகிறது. அடுத்த நாளும் அதே சந்தையில்தானே அவர் மீன் வாங்கவேண்டும்.

அதனால் மகளைத் தடுக்காதீர்கள், தயார்ப்படுத்துங்கள். படிப்புக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே தொடர்பாடல் கற்கை உண்டு. வேலைக்குச் சேரும்போதுதான் கவனம் வேண்டும். பிராந்தியச் செய்தியாளர் பலருக்குச் செய்திக் கணக்கில்தான் கொடுப்பனவு. நியமனக் கடிதமும் இல்லை, காப்புறுதியும் இல்லை. "எனக்கு மிரட்டல் வந்தால் ஆசிரியபீடத்தில் யார் பொறுப்பு? பெயர் போடாமல் செய்தி வெளியிடுவீர்களா?" என்று முதல் நாளே கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் அவள் சேரவேண்டாம். முதலுதவியும் பழகட்டும்: இரத்தம் பாய்கிற கையை எங்கே, எவ்வளவு இறுக்கிக் கட்டுவது என்று செய்து பார்த்துப் பழகவேண்டும். சுயாதீனச் செய்தியாளர்களுக்குக் குண்டு துளைக்காத அங்கியும் தலைக்கவசமும் இரவல் கொடுக்கும் எல்லைகளற்ற செய்தியாளர் அமைப்பையும் அவள் அறிந்திருக்கட்டும்.

என்னிடம் வரும் பிள்ளைகளிடம் ஓர் அரைத்தாளை நிரப்பி வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்வேன். எங்கே போகிறேன், யாருடன், வாகன இலக்கம் என்ன, எத்தனை மணிக்குத் திரும்புவேன், அந்நேரத்துக்கு வராவிட்டால் முதலில் யாருக்கு அழைப்பது. அந்தக் கடைசி வரியில் பதறாமல் பேசக்கூடிய ஒருவரின் இலக்கம் இருக்கவேண்டும். அது உங்களுடையதா, மாமாவுடையதா என்று இன்றிரவே மகளோடு இருந்து பேசுங்கள்.