கணக்கைப் பார்க்காமல் பொருளாளர் ஆகாதீர்கள் சிஸ்டர்

சிஸ்டர், பாஸ்டரின் டிரஸ்டுக்குப் பொருளாளராகக் கூப்பிடுகிறார்கள், குழுவில் அவர், மனைவி, மச்சான் மட்டும்தான், வெளிநாட்டுப் பணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடக்கிறது, மறுத்தால் ஊழியத்துக்குத் தடையாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மறுக்க வேண்டாம். ஆனால் கணக்கைப் பார்க்கும்வரை சரி என்றும் சொல்லாதீர்கள்.

முதலில் எஃப்சிஆர்ஏ சான்றிதழைக் கேளுங்கள், வெளிநாட்டு நன்கொடை வாங்க அந்தச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு தரும் பதிவு அது, ஐந்து வருடம்தான் செல்லும். வெளிநாட்டு நன்கொடை டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வந்து சேர வேண்டும். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வந்த பணத்தை இன்னொரு டிரஸ்டுக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது, எவ்வளவு நல்ல மனதோடு கொடுத்தாலும் தப்புதான்.

அப்புறம் ஒரு மாதத்து வருகைப் பதிவேட்டையும் டீச்சர் சம்பள வவுச்சர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல மாதத்துக் கையெழுத்தும் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் போட்ட மாதிரி இருந்தால் அந்த டீச்சரிடமே போய்ப் பேசுங்கள்.

கேட்பது விசுவாசக் குறைவு இல்லை. எருசலேம் பரிசுத்தவான்களுக்கான காணிக்கை விஷயத்தில் யாரும் குற்றம் சொல்லக் கூடாது என்றுதான் பவுல் தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்பினார், 2 கொரிந்தியர் 8 வாசியுங்கள். குடும்பத்துக்கு வெளியே இரண்டு பேராவது குழுவில் வேண்டும், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், படிக்கிற பிள்ளையின் அம்மா ஒருவர். காசோலையில் இரட்டைக் கையெழுத்து, அதில் ஒன்று உங்களுடையது. பாஸ்டர் இதற்குச் சம்மதித்தால் தைரியமாகச் சேருங்கள்.