வலைக்குத் தெரியாததைக் கணக்கு சொல்லுமா?

கேள்வி: அமெரிக்கப் பெரிய ஏரிகளில் மீன் எங்கே இருக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார்களாமே, வலை போட்டால் தெரியாதா? எங்கள் கண்மாய்க்கும் அது சரிப்படுமா?
- தேவகோட்டை வாசகர்

பதில்: வலை போட்டால் அன்றைக்கு அந்த இடத்தில் இருந்த மீன்தான் தெரியும். அந்தப் பெரிய ஏரிகளில் ஒன்றான ஈரி ஏரியின் பரப்பு சுமார் 25,700 சதுர கிலோமீட்டர், நம் சிவகங்கை மாவட்டத்தைப் போல ஆறு மடங்கு. எத்தனை வலைதான் போடுவது? அதனால் ஆழம், வெப்பம், கரைந்த ஆக்சிஜன், அடித்தரை பாறையா சேறா என்பதையெல்லாம் ஏற்கெனவே மீன் அகப்பட்ட இடங்களோடு பொருத்திப் பார்த்து, வலை விழாத இடத்தில் மீன் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பிடுகிறார்கள்.

கோடையில் அந்த ஏரியின் நடுப்பகுதியில் சூடான மேல்நீர் கீழ்நீரோடு கலக்காமல் நின்றுவிடும், அடியில் பாசி மக்க மக்க ஆக்சிஜன் காலி. குளிர்நீர் தேடும் மீன் மேலே சூட்டுக்கும் கீழே மூச்சுத்திணறலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஒரே அடுக்கில் நெருங்கிவிடும். அப்போது வலை நிறைவதைப் பார்த்து ஏரி முழுக்க மீன் என்று நினைத்தால் போச்சு! ஆனால் எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கு மீன் எங்கே இருக்கும் என்ற இந்தக் கணக்கு மட்டும் போதாது, மீன்களின் வயதுக் கணக்கும் வேண்டும்.

சரி, உங்கள் கண்மாய்? அந்தக் கம்ப்யூட்டர் கணக்கு அப்படியே உதவாது. இங்கே ஆழம் குறைவு, கோடையில் வற்றும். விரால் மேலே வந்து காற்றைச் சுவாசித்துச் சமாளிக்கும், கட்லா, ரோகுவுக்கு அது முடியாது. நீரில் ஆக்சிஜன் குறைவது விடியற்காலையில்தான், அந்நேரம் மடைப்பக்கமும் கரையோரமும் மீட்டர் வைத்து அளந்து, எத்தனை மாதம் தண்ணீர் நிற்கும் என்றும் பார்த்துக் குஞ்சு விடுங்கள். மீன் குத்தகை ஏலத்துக்கு முன்பே அளந்துவிடுங்கள், அப்புறம் யார் கேட்பார்கள்?