மண்ணுக்குள் இரும்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தென்னந்தோப்பில் அப்பா காலத்தில் பதித்த 4 அங்குல இரும்பு கேட் வால்வு மண்மூடிப் போய்விட்டது. ஆழம் இரண்டரை, மூன்று அடி இருக்கும். வாடகைக்கு மெட்டல் டிடெக்டர் எடுத்து, சென்சிட்டிவிட்டியை முழுசாகக் கூட்டி ஓட்டினேன். வைத்த இடமெல்லாம் கத்துகிறதே தவிர வால்வு சிக்கவில்லை.
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: முழுசாகக் கூட்டியதுதான் வினை. உங்கள் பக்கத்துச் செம்மண்ணிலும் செம்புறைக்கல் சரளையிலும் இரும்புச்சத்து அதிகம். சென்சிட்டிவிட்டி ஏற ஏற மெஷின் மண்ணையே உலோகமாகக் கேட்கும். அந்த இரைச்சலில் ஆழத்து வால்வின் மெல்லிய ஒலி அமுங்கிவிடும். கரகரக்கும் ரேடியோவில் வால்யூமைக் கூட்டினால் கரகரப்பும் சேர்ந்துதானே கூடும்?

முதலில் காயிலை (மெஷினின் அடியில் இருக்கும் வட்டத் தட்டை) இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். அங்கேயும் கத்தினால் மண்மேல் குற்றமில்லை, மின்சாரம்தான் காரணம். பம்ப்செட்டை நிறுத்துங்கள், செல்போனை வரப்பில் வைத்துவிடுங்கள். மேலே ஹைடென்ஷன் கம்பி போனால், மெஷினில் வசதியிருந்தால் ஃப்ரீக்வென்சியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். தரைக்குக் கொண்டுபோனால் மட்டும் கத்துகிறது என்றால் கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணின் சத்தத்தை ஒதுக்கும் செட்டிங், சரியில்லை.

ஆணி, கம்பி எதுவும் இல்லாத ஓரிடத்தில், எல்லா உலோகத்துக்கும் ஒலிக்கும் ஆல் மெட்டல் மோடில் வைத்து, காயிலைத் தரைக்கு இணையாகப் பிடித்து, 2 செ.மீ. உயரத்திலிருந்து 20 செ.மீ. வரை ஏற்றி இறக்குங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒலி மாறாமல் நிற்கும் வரை பேலன்ஸைத் திருத்துங்கள். கூட்டுவதா குறைப்பதா என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், காதை நம்புங்கள். அதன்பிறகுதான் சென்சிட்டிவிட்டி. கத்த ஆரம்பிக்கும் வரை ஏற்றி, அங்கிருந்து ஒன்றிரண்டு படி இறக்கிவிடுங்கள். உங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் ஒரே தோப்புக்குள்கூடச் செம்மண் முடிந்து கரிசல் தொடங்கும். மண் நிறம் மாறினாலும், மழை பெய்து நனைந்தாலும் பேலன்ஸை மறுபடி பார்க்க வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும் மலிவு மாடல்கள் பலவற்றில் பேலன்ஸ் கம்பெனியிலேயே பூட்டி வரும். அவற்றில் சென்சிட்டிவிட்டியைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

வேண்டாத உலோகத்தை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனைப் பூஜ்யத்தில் வையுங்கள். நகை தேடுகிறவர்கள் இரும்பை ஒதுக்குவார்கள். நீங்கள் தேடுவதே இரும்பு. காயில் தரையை உரசாத குறையாகப் போகட்டும், வீச்சின் இரு முனையிலும் கை தூக்கிவிடக் கூடாது. ஒன்றரை மீட்டர் வீச்சுக்கு மூன்று நான்கு விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய தடத்தில் பாதி மேல் அடுத்த தடம் ஏறட்டும். வட்டக் காயிலின் பார்வை ஆழத்தில் கூம்பாகக் குறுகிவிடும்.

தோப்பில் இடம் தெரிந்த இன்னொரு வால்வு இருந்தால், முதலில் அதன்மேல் ஓட்டி அந்த ஒலியைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். பாதி வேலை அதில் முடிந்துவிடும்.

கேள்வி: மேலாகக் கிடக்கும் ஆணிக்கும் ஆழத்தில் இருக்கும் பெரிய பொருளுக்கும் தோண்டாமலே வித்தியாசம் தெரியுமா?
– வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: தெரியும். ஒலி வந்த இடத்தில் காயிலை ஒரு சாண் தூக்கி மறுபடி வீசுங்கள். ஆணி, பாட்டில் மூடி என்றால் ஒலி சட்டென்று செத்துவிடும். ஆழத்துப் பெரிய பொருள் அவ்வளவு சீக்கிரம் குறையாது. பிறகு 90 டிகிரி திரும்பி நின்று வீசுங்கள். வால்வின் ஒலி இரு திசையிலும் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கும். ஆணியின் ஒலி 'டிக்' என்று குறுகி ஒலிக்கும், பல சமயம் ஒரு திசையில்தான் வரும். ஹெட்போன் கட்டாயம், ஸ்பீக்கரில் இந்த நுணுக்கம் கேட்காது. எந்த உலோகம் என்று காட்டத் திரையில் வரும் எண்ணை ஒரு அடிக்குக் கீழே நம்பவேண்டாம். செம்மண்ணில் ஆழத்துச் செம்பும் இரும்பாகக் காட்டும்.

கேள்வி: பெரிய காயில் மாட்டினால் ஆழம் இரட்டிக்குமா?
– வாசகர், வேலந்தாவளம்

பதில்: இரட்டிக்காது. காயிலிலிருந்து போகும் காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக் கணக்கில் தேயும், திரும்பி வருவதும் அப்படியே தேயும். சிறு பொருள் இரண்டு மடங்கு ஆழத்தில் இருந்தால் சிக்னல் 64-இல் ஒரு பங்காகிவிடும். 9 அங்குலத்திலிருந்து 15 அங்குலக் காயிலுக்கு மாறினால் வால்வு, டிரம் போன்ற பெரிய பொருளுக்குக் கைமேல் பலன் உண்டு. காசு, மோதிரத்துக்குப் பலன் கம்மி. பெரிய காயில் மண்ணையும் அதிகமாகப் பார்க்கும். அதனால் சென்சிட்டிவிட்டியை இன்னும் ஒரு படி இறக்க வேண்டிவரும். செம்புறைக்கல் பூமிக்கு, விட்டுவிட்டு மின் துடிப்பு அனுப்பித் தேடும் பல்ஸ் இண்டக்‌ஷன் மெஷின் பெரும்பாலும் தேவலை. ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தில் காயில் சுற்றிய வகை சிறு ஆணிகளைக் கண்டுகொள்ளாது. ஆனால் இது இரும்பு, இது செம்பு என்று அதனிடம் பிரித்துக் கேட்க முடியாது.

கேள்வி: பி.வி.சி. பைப்பைக் கண்டுபிடிக்க எந்த செட்டிங்?
– வாசகர், வாளையார்

பதில்: எந்த செட்டிங்கிலும் காட்டாது. பைப்புக்குள் ஒரு கம்பியை நுழைத்து, கேபிள் லொக்கேட்டரின் (மண்ணுக்குள் போகும் கம்பியின் தடத்தைக் காட்டும் கருவியின்) டிரான்ஸ்மிட்டரில் ஒரு முனையைக் கம்பியிலும் மற்றதை மண்ணில் அடித்த எர்த் ராடிலும் கொடுத்துத் தடம் பிடியுங்கள். புது லைன் போடும்போது பைப்போடு ஒரு இன்சுலேட்டட் செம்பு ஒயரையும் பதித்துவிட்டால் பிள்ளைகள் காலத்தில் தேடவேண்டாம்.

கேள்வி: 10 அடி ஆழத்துத் தங்கத்தை மட்டும் காட்டும் என்று ஆன்டெனா வைத்த மெஷின் ஒன்றைச் சொல்கிறார்கள். வாங்கலாமா? தோட்டத்தில் பழங்காசு கிடைத்தால் யாருக்குச் சொந்தம்?
– வாசகர், ஆனைமலை

பதில்: வாங்காதீர்கள். காசளவுப் பொருளுக்குக் கையில் பிடிக்கும் நல்ல மெஷினே ஒரு அடி தாண்டத் திணறும். தங்கத்துக்கென்று தனிச் சிக்னலும் கிடையாது. அலுமினிய மூடியும் மெல்லிய மோதிரமும் ஒரே எண்ணைக் காட்டும். காசு விஷயத்தில், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. எல்லை தாண்டிக் கேரளத்தில் தோட்டம் இருந்தால் அங்கே 1968-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடத்தில் அனுமதியில்லாமல் கடப்பாரை வைப்பதே குற்றம்.