கூரை போன கோட்டையை என்ன செய்வது?

அன்புள்ள ஐயா,

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்குப் போய்வந்தேன். ஐலன் டோனன் கோட்டை கூரை, பாலம், விருந்துக்கூடம் என்று அத்தனையும் கச்சிதமாக இருக்கிறது. அங்கிருந்து தெற்கே மொய்டார்ட் கடல்வாயில் இருக்கும் டியோரம் கோட்டைக்குக் கூரை இல்லை, கல் விழும் என்பதால் உள்ளே விடுவதும் இல்லை. அதை வாங்கியவர் தன் செலவில் சீரமைத்துக் குடியேறுகிறேன் என்றும், அரசு அனுமதி தரவில்லை என்றும் சொன்னார்கள். சொந்தக் காசு போட வந்தவரைத் தடுத்துவிட்டுக் கோட்டையைக் கரையவிடுவது என்ன பாதுகாப்பு? இடிந்ததைத் திரும்பக் கட்டவேண்டுமா, இருப்பதை அப்படியே விடவேண்டுமா?

ர.

அன்புள்ள ர.,

எழுத்தில் டியோரம், கேலிக் மொழி உச்சரிப்பில் ஏறக்குறைய 'சீரம்'. பெயரை முதலில் கேட்பவர்கள் வேறு ஏதோ கோட்டை என்று நினைத்துவிடுவார்கள்.

கட்டுவது, அப்படியே விடுவது என்று இரண்டு வழி சொல்கிறீர்கள். இரண்டாவது வழி பேச்சில்தான் இருக்கிறது. கூரை போன சுவர் எதுவும் அப்படியே இருப்பதில்லை.

அந்தக் காலத்துக் கோட்டைச் சுவருக்கு வெளியே ஒரு முகம், உள்ளே ஒரு முகம். நடுவில் உடைகல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் கொட்டி நிரப்பியிருப்பார்கள். கூரை இருந்தவரை மழை மேலிருந்து அந்த நிரப்புக்குள் இறங்க வழியில்லை. கூரை போனதும் சுவரின் உச்சி வாய் திறந்த பானைதான். இறங்கும் நீர் சாந்திலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கீழே கல் இடுக்குகளில் கசியும். சுவர் முகத்தில் வெள்ளை வெள்ளையாக வழிந்து படிந்திருப்பது அதுதான். சாந்து கரைந்த இடத்தில் நிரப்புக்கல் இறங்கி உட்காரும். மேலே பொந்து விழும், கீழே வெளிமுகம் தொந்தி போடும். குளிரில் உள்ளே உறையும் நீர் சுமார் 9 விழுக்காடு பெருத்து, இரண்டு முகங்களையும் இன்னும் கொஞ்சம் பிரிக்கும். கடைசியில் வெளிமுகம் ஒரு பாளமாக உரிந்து விழும். வருடக்கணக்கில் நடந்த வேலை பார்ப்பவருக்கு ஒரே இரவில் நடந்தது போலத் தெரியும்.

நல்ல எண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பும் இதில் சேரும். 20ஆம் நூற்றாண்டில் பல இடிபாடுகளுக்கு போர்ட்லண்ட் சிமெண்டால் பாயிண்டிங் செய்தார்கள், அதாவது கல் இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்தார்கள். சிமெண்டு கல்லைவிடக் கடினமானது, ஈரத்தை எளிதில் வெளியே விடாது. இடுக்கு வழியாக ஆற வேண்டிய ஈரம் கல்லின் முகம் வழியாக வெளியேறத் தொடங்கும். உப்பு படிந்து, உறைபனி பட்டு, கல் செதில் செதிலாக உதிரும். கல் உள்வாங்கி, சிமெண்டு மட்டும் விளிம்பு கட்டித் துருத்தி நிற்கும். அந்த விளிம்பில் அடுத்த மழை தேங்கும்.

ஆக, கோட்டையை இடிபாடாகவே வைத்திருப்பதும் முழுநேர வேலை. முதலில் சாரம் கட்டி, ஒவ்வொரு கல்லும் தெரியும்படி சுவரைப் படமெடுத்து அளந்துகொள்வார்கள். கொடியை இழுத்துப் பிடுங்கக்கூடாது, வேர் கல்லையும் சேர்த்துக்கொண்டு வரும். அடியில் வெட்டிவிட்டுக் காயவிட வேண்டும். பொந்துகளில் வௌவால் இருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்தாக வேண்டும், அங்கே அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பிறகு உச்சி. தளர்ந்த கற்களுக்கு எண்ணிட்டுக் கழற்றி, மண்ணையும் வேரையும் நீக்கி, அதே கற்களைச் சாந்தில் பதித்து, தண்ணீர் எந்தக் குழியிலும் நிற்காமல் ஓடும்படி சரிவு கொடுத்து அடுக்குவார்கள். அதன்மேல் களிமண் படுக்கை. அதன்மேல் புல்லோடு பெயர்த்த மண்பத்தை இரண்டடுக்கு, கீழடுக்கில் புல் கீழ்நோக்கி, மேலடுக்கில் மேல்நோக்கி. இந்தப் புல்தொப்பி சாரலை உறிஞ்சி மெல்ல ஆவியாக விடும், உச்சிக்கல்லில் உறைபனியின் கடுமையையும் குறைக்கும். ஒடுக்கமான, காற்று அறையும் சுவரில் இது நிற்காது. அங்கே சரிவாகக் கல்பதிப்புதான்.

இடுக்கு வேலையில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள் (சிலேடைக்கு மன்னிக்கவும்). பழைய சாந்தை உளியால் கையால்தான் எடுக்க வேண்டும். கிரைண்டர் வைத்தால் கல்லின் ஓரம் போய்விடும். ஆழம் இடுக்கின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு, எப்படியும் 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல். தூசி போகக் கழுவி, கல்லை நனைத்துவிட்டு, அகலமான இடங்களில் சின்னக் கல்துண்டுகளைச் செருகிச் சாந்தை அழுத்த வேண்டும். வெறும் சாந்தால் நிரப்பினால் சுருங்கி வெடிக்கும். கலவை ஒரு பங்கு சுட்ட சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், அல்லது இயற்கை ஹைட்ராலிக் சுண்ணாம்பு (ஈரத்திலும் இறுகும் வகை) ஒன்றுக்கு இரண்டரை. பழைய சாந்தைச் சோதித்துத்தான் இதை முடிவுசெய்வார்கள். பாதி இறுகியதும் விறைத்த தூரிகையால் குத்தி அடர்த்தியாக்கி, ஈரச் சாக்குப் போட்டு நாள்கணக்கில் காக்க வேண்டும். வெயிலும் காற்றும் சட்டென்று உலர்த்தினால் சாந்து பொடியாகும், 5 பாகைக்குக் கீழே போனால் இறுகவே இறுகாது. அதனால் அங்கே சுண்ணாம்பு வேலைக்கு ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதம்தான். உள்ளே பொந்திருந்தால் குழாய் வைத்துத் திரவச் சுண்ணாம்பை அடியிலிருந்து மேலே சிறிது சிறிதாகச் செலுத்துவார்கள். அவசரப்பட்டு ஒரேயடியாக நிரப்பினால் அந்த அழுத்தமே தொந்தி போட்ட முகத்தைத் தள்ளி விழுத்திவிடும்.

இனி டியோரம். கிளான்ரனால்ட் குலத்தின் கோட்டை அது. 1715இல் எதிரி கையில் சிக்கக்கூடாது என்று குலத்தலைவரே தீவைக்கச் சொன்னார். 1997இல் புதிய உரிமையாளர் கைக்குப் போனது. கூரை போட்டு வீடாக்கி, உள்ளே குல அருங்காட்சியகமும் வைப்பது அவர் திட்டம். பாதுகாக்கப்பட்ட தொல்லிடம் என்பதால் தனி அனுமதி வேண்டும். மறுத்தார்கள். பொது விசாரணை நடந்தது, 2002இல் அமைச்சர்கள் மறுப்பை உறுதிசெய்தார்கள். இதற்கிடையே 2000இல் வடமேற்கு மதிலில் ஒரு பகுதி சரிந்துவிட்டது.

மறுத்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். 1715க்குப் பிறகு வீடாக மாறாத சுவர் அது. எந்தக் கதவு எப்போது அடைக்கப்பட்டது, எந்தத் தளம் எதன்மேல் வந்தது என்பது சாந்திலும் ஒட்டுகளிலும் எழுதியிருக்கிறது. குடியிருப்பு என்றால் குளியலறைக் குழாய், மின்கம்பி, ஜன்னல், படி எல்லாம் வரும், ஒவ்வொன்றும் அந்த எழுத்தில் கொஞ்சத்தை அழிக்கும். ஆனால் மறுப்புக் கடிதம் மழையைத் தடுக்காது. சட்டத்தின் கோளாறே இங்கேதான் இருக்கிறது: 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்லிடத்தில் உரிமையாளர் அனுமதியில்லாமல் கைவைத்தால் குற்றம். ஒன்றுமே செய்யாமல் விழவிட்டால் குற்றமில்லை. உங்கள் கோபம் நியாயமானது, அது போய்ச் சேரவேண்டிய இடம் இதுதான்.

ஐலன் டோனன் கதை வேறு. 1719 மே மாதம் அரசின் மூன்று போர்க்கப்பல்கள் அதைச் சுட்டன. கைப்பற்றிய பிறகு 27 பீப்பாய் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். 1911இல் ஜான் மக்ரே கில்ஸ்ட்ராப் வாங்கியபோது பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. 1932இல் வேலை முடிந்தது. நீங்கள் நடந்த பாலம் அப்போது வந்தது. லூயிஸ் பெட்டிட் என்ற ராணுவ அளவையாளர் 1714இல் வரைந்த படம் பின்னால் கிடைத்தது. அதோடு ஒப்பிட்டால் இன்றைய கட்டடம் பல இடங்களில் வேறு. அழகான கட்டடம்தான், ஆனால் 20ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அங்கே அழிப்பதற்கு மிச்சம் குறைவு, அதனால் இழப்பும் குறைவு.

காசுள்ளவர் கட்டட்டுமே என்பவர்கள் ஒரு கணக்கை விட்டுவிடுகிறார்கள். மூன்று நூற்றாண்டு நனைந்த சுவர் கூரை போட்ட மறுநாள் காய்ந்துவிடாது. 25 மில்லிமீட்டருக்கு ஒரு மாதம் என்பது தொழிலில் சொல்லும் தோராயம். இரண்டு மீட்டர் சுவருக்கு 80 மாதம். பொறுமையில்லாமல் உள்ளே சூடேற்றினால் உப்பு முகத்துக்கு வந்து கல்லைப் பெயர்க்கும். ஜிப்சம் பூசினால் பூச்சு ஊறி உதிரும். புது உத்திரத்தின் நுனியைக் காற்றோட்டமில்லாமல் ஈரச்சுவரில் செருகினால் ட்ரை ராட் என்ற பூஞ்சை பிடிக்கும், அது மரத்திலிருந்து மரத்துக்குச் சுவர் வழியாகவே நூல் விட்டுப் பரவும். கட்டி முடித்தாலும் பராமரிப்பு முடியாது. பாரா தீவின் கிசிமல் கோட்டையை மக்நீல் குலத்தலைவர் 1938இல் தொடங்கிப் பல ஆண்டுகள் சீரமைத்தார். 2000இல் அந்தக் குடும்பமே அதை அரசின் தொல்லியல் அமைப்புக்கு 1000 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. வாடகை ஆண்டுக்கு ஒரு பவுண்டும் ஒரு புட்டி விஸ்கியும்.

கட்டியே ஆகவேண்டிய இடமும் உண்டு. ஸ்டர்லிங் கோட்டையின் பெருங்கூடம் நான்காம் ஜேம்ஸ் காலத்தது. ராணுவம் அதைத் தளம் தளமாகத் தடுத்துப் படைவீடாக்கியிருந்தது. 1964இல் ராணுவம் வெளியேறிய பிறகு சுவரிலிருந்த தடயங்களை வைத்துப் பல ஆண்டு உழைத்தார்கள். ஓக் மரக் கூரை, வெளியே இளமஞ்சள் சுண்ணாம்பு வெள்ளை என்று 1999இல் திறந்தார்கள். அந்த மஞ்சளைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. சுவர்கள் முழுசாக நின்றன, தடயம் இருந்தது, கூரை சுவரைக் காப்பாற்றியது.

டியோரமில் இந்த மூன்றில் கடைசி ஒன்று மட்டும்தான் உறுதி. அதற்கு வீடு தேவையில்லை. உச்சிக்கும் தொந்தி போட்ட பகுதிகளுக்கும் மட்டும் தனியாக ஒரு விண்ணப்பம், அரசும் உரிமையாளரும் பங்கிட்டுக்கொள்ளும் செலவு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை சாரம் கட்டிச் சோதனை. வீட்டுத் திட்டத்தோடு இதைக் கட்டிப்போட்டதுதான் தவறு.

அடுத்த முறை போனால் கடல் வற்றும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள், ஏற்றத்தில் தீவுக்கு நடந்து போகும் வழி மூழ்கிவிடும். மதிலுக்குக் கீழே நிற்காமல் தள்ளி நின்று, கல் இடுக்குகளில் வெள்ளை வழிந்திருக்கிறதா, சுவர் முகம் எங்காவது நேர்க்கோட்டை விட்டு வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள்.