வாசலிலேயே ஒட்டிக்கொள்ளும் போன்கள்

கேள்வி: தருமபுரியில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் நடத்துகிறேன். வாசலில் ஒன்று, மாடியில் இரண்டு என மூன்று ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி). மூன்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. வாசலில் எப்போதும் ஐம்பது போனுக்கு மேல். மாடியில் ஆறோ ஏழோதான். மாடியில் ஆன்லைன் மாதிரித் தேர்வு எழுதுபவர்களுக்குப் பக்கம் திறப்பதே இல்லை. இன்னொன்று வாங்கட்டுமா?

பதில்: வாங்காதீர்கள். அதுவும் சும்மாதான் கிடக்கும்.

தொப்பூர் டோல்கேட்டில் எந்த வரிசையில் நுழைவது என்று முடிவுசெய்வது வண்டிக்காரர்தானே? வைஃபையிலும் எந்தப் பெட்டியோடு சேர்வது என்பது போனின் முடிவு. பிள்ளைகள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே போன் அங்கே ஒட்டிக்கொள்கிறது. மாடி ஏறினாலும் லேசில் விடாது. ஐபோன், சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் (சிக்னல் பலத்தை அளக்கும் அலகு) கீழே போனால்தான் வேறு பெட்டி தேடவே தொடங்கும். ஆண்ட்ராய்டில் இது மாடலுக்கு மாடல் மாறும்.

ஆகவே முதலில் வாசல் பெட்டியின் டிரான்ஸ்மிட் பவரை, அதாவது அது சிக்னல் அனுப்பும் பலத்தைக் குறையுங்கள். 20 டிபிஎம் என்றால் 100 மில்லிவாட். 14க்கு இறக்கினால் 25தான். படிக்கட்டு வழியாக மேலே ஏறும் சிக்னல் மெலிந்தால், போன் தானாகவே மாடிப் பெட்டியைத் தேடும்.

அடுத்தது குறைந்த வேகங்கள். பலரும் கவனிக்காத இடம் இதுதான். மாடி மூலையிலிருந்து வாசல் பெட்டியோடு 1 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசும் போனுக்கு 1500 பைட் அனுப்ப 12 மில்லிசெகண்ட் ஆகும். 54 எம்பிபிஎஸ்ஸில் கால் மில்லிசெகண்ட்கூட ஆகாது. அந்த ஒரு போன் பேசி முடிக்கும்வரை அதே சேனலில் (அலைவரிசையில்) இருக்கும் மற்ற எல்லாரும் காத்திருக்க வேண்டும். 1, 2, 5.5, 11 ஆகிய நான்கு வேகங்களையும் அணைத்துவிடுங்கள். மிகப் பழைய பிரின்டர் ஏதாவது இருந்தால் மட்டும் அது இணையாது.

சேனல்: 2.4 கிகாஹெர்ட்ஸில் மூன்று பெட்டிக்கும் 1, 6, 11 என ஆளுக்கொன்று. 5 கிகாஹெர்ட்ஸ் வரும் போன்களை அங்கே தள்ளும் 'பேண்ட் ஸ்டீரிங்' இருந்தால் போட்டுவிடுங்கள்.

'லோட் பேலன்சிங்' என்ற பட்டனை நம்பி மட்டும் இருக்காதீர்கள். பெட்டி நிரம்பியதும் புதிதாக வரும் போனை அது திருப்பி அனுப்பும். சில போன்கள் அடம்பிடித்து அதே கதவைத்தான் திரும்பத் திரும்பத் தட்டும். 802.11வி வசதி 'பக்கத்தில் இடம் இருக்கிறது, அங்கே போ' என்று யோசனைதான் சொல்லும், கேட்பதும் கேட்காததும் போனின் இஷ்டம். சிக்னல் குறைந்த போனைத் துண்டிக்கும் வசதியைக் கடைசியாகப் போடுங்கள். மாடிப் பெட்டியின் சிக்னல் எட்டாத மூலை இருந்தால், அங்கே உட்காருபவர் இணைவதும் அறுவதுமாகவே இருப்பார்.

இன்னொன்று, ஐம்பது என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். பையில் தூங்கும் நாற்பது போனைவிட வீடியோ பார்க்கும் நான்குதான் பாரம். பவரைக் குறைத்த பிறகு, மாதிரித் தேர்வு நடக்கும்போது அட்மின் பக்கத்தில் ஒவ்வொரு பெட்டியின் சேனல் யூட்டிலைசேஷனை, அதாவது சேனல் எவ்வளவு நேரம் பிஸியாக இருக்கிறது என்பதைப் பாருங்கள். அப்போதும் மாடிப் பெட்டிகள் இரண்டும் திணறினால், நான்காவதை வாங்குங்கள்.