ஃபான்டெய்ன்ஸ் டி.சி. மாறிப்போனார்களா? ‘ரொமான்ஸ்’ ஆல்பம் பற்றிக் கேள்வி பதில்

குன்னூரில் கூடி ஓர் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்கும் எங்கள் வட்டத்தில், இந்த முறை போட்டது ‘ரொமான்ஸ்’. அயர்லாந்தின் டப்ளினைச் சேர்ந்த ஃபான்டெய்ன்ஸ் டி.சி. என்ற ஐந்து பேர் ராக் குழுவின் நான்காவது ஆல்பம், 2024 ஆகஸ்டில் வந்தது. கேட்டவர்களில் சிலர் சொக்கிப்போனார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். நான் ஒலிப்பதிவு வேலை செய்பவள் என்பதால் எல்லாருடைய கேள்விகளும் என்னிடம் வந்து சேர்ந்தன.

அக்கா, இவர்களின் முதல் ஆல்பமான ‘டோக்ரெல்’ கேட்டுத்தான் இந்தக் குழு மேல் எனக்குப் பைத்தியம் பிடித்தது. ‘ரொமான்ஸ்’ கேட்டால் வேறு ஆட்கள் மாதிரி இருக்கிறது. பெரிய கம்பெனிக்குப் போனதும் விலைபோய்விட்டார்களா? (கல்லூரி மாணவர், குன்னூர்)

இல்லை தம்பி. முதலில் கம்பெனி விஷயத்தை முடித்துவிடலாம். முதல் மூன்று ஆல்பங்களை வெளியிட்டது பார்டிசன், இதை வெளியிட்டது எக்ஸ்எல். இரண்டுமே பெரிய கம்பெனிகளின் கையில் இல்லாத சுயாதீன நிறுவனங்கள்.

உனக்கு இது வேறு குழுவாகத் தெரிவதற்குக் காரணம், நீ முதல் ஆல்பத்திலிருந்து நேராக நான்காவதுக்குத் தாவியிருக்கிறாய். நடுவில் இருக்கும் இரண்டையும் கேள். 2019இல் வந்த ‘டோக்ரெல்’ லண்டனில் புரொட்யூசர் (பதிவை வழிநடத்துபவர்) டான் கேரியின் ஸ்டுடியோவில், எல்லாரும் ஒன்றாக வாசித்து டேப்பில் பதிவானது. கிட்டார் கரகரவென்று இருக்கும், பாடகர் க்ரியன் சாட்டன் பாதிப் பாட்டைப் பேசியே முடிப்பார். அது ஐந்து பேர் ஒரு அறைக்குள் முட்டிமோதும் சத்தம். அடுத்த ஆண்டே ‘எ ஹீரோஸ் டெத்’. ஊர் ஊராக வாசித்துக் களைத்துப்போயிருந்த நேரம் அது. லாஸ் ஏஞ்சல்ஸில் பதிவு செய்ததை ஒதுக்கி வைத்துவிட்டு, மறுபடி டான் கேரியிடமே வந்து புதிதாகப் பதிவு செய்தார்கள். வேகம் குறைந்தது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனதில் ஏற்றுகிற பழக்கம் கெட்டிப்பட்டது.

2022இல் ‘ஸ்கின்டி ஃபியா’. அயர்லாந்தை விட்டு லண்டனுக்குக் குடிபோனவர்களின் ஆல்பம். கிட்டார் பின்னால் போய், கீழ்ச்சுருதி வாசிக்கும் பேஸ் கிட்டார் முன்னால் வந்தது இதில்தான். ஒரு பாட்டு முழுக்க வெறும் அக்கார்டியனும் குரலும்தான், டிரம்ஸே கிடையாது. பிறகு 2023இல் சாட்டன் தனியாக ஒரு ஆல்பம் போட்டார். அதில்தான் அவர் மெல்லிய குரலில், நீண்ட மெட்டுகளில் பாடிப் பழகினார் என்று நான் நினைக்கிறேன். இத்தனையும் கேட்டுவிட்டு ‘ரொமான்ஸ்’ போட்டால் தாவலே தெரியாது. ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரியும்.

‘ரொமான்ஸ்’ ஆல்பத்துக்கு புரொட்யூசர் மாறியிருக்கிறாரே. அவர் ஒருவர் மாறினால் சத்தம் இவ்வளவு மாறுமா? (கோத்தகிரி)

மாறும். ஆனால் பலர் நினைப்பதுபோல, அவர் ஏதோ பட்டனைத் திருகி மாற்றிவிடுவதில்லை. எந்த அறையில், எத்தனை நாள், யார் முதலில், எதை வைத்துத் தொடங்குவது, ஒரு பாட்டை எப்போது ‘போதும்’ என்று விடுவது, இந்த முடிவுகளில்தான் புரொட்யூசரின் கை இருக்கும்.

டான் கேரி சட்டென்று பிடிப்பவர். எல்லாரும் சேர்ந்து வாசிக்கும்போது வருகிற சூட்டை ஆறவிடாமல் பதிவு செய்துவிட வேண்டும் என்பது அவர் வழி. அதனால் பிசிறு இருக்கும், அந்தப் பிசிறுதான் உயிர். ‘ரொமான்ஸ்’ செய்த ஜேம்ஸ் ஃபோர்ட் வேறு வகை. அவரே டிரம்ஸ் வாசிப்பவர், சிமியன் மொபைல் டிஸ்கோ என்ற மின்னணு இசை இணையில் ஒருவர். ஆர்க்டிக் மங்கீஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவோடு பல ஆல்பங்களாக வேலை செய்திருக்கிறார். அவர் ஒவ்வொரு அடுக்காக வைப்பார். கீபோர்டு, தந்தி வாத்தியங்கள், பின்குரல் எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் கிடைக்கும். முதலில் லண்டனில் ஒத்திகை பார்த்துவிட்டு, பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாளிகையில் தங்கிப் பதிவு செய்தார்கள். தங்கி வேலை செய்தால் இரவு பத்து மணிக்குத் தோன்றியதையும் போட்டுப் பார்க்கலாம். மணிக்கணக்குக்கு வாடகை கொடுக்கும் ஸ்டுடியோவில் அந்தத் தைரியம் வராது.

ஆர்க்டிக் மங்கீஸையும் இதே கண்ணோடு பாருங்கள். 2013இல் ‘ஏ.எம்.’ கனமான கிட்டார் ஆல்பம். 2018இல் வந்த அடுத்த ஆல்பம் பெரும்பாலும் பியானோவைச் சுற்றியே போகும். காரணம் எளிது. பாட்டு எழுதும் அலெக்ஸ் டர்னருக்கு முப்பதாவது பிறந்தநாள் பரிசாக ஒரு பியானோ வந்தது, அவர் அதன் முன் உட்கார்ந்து எழுதினார். விரல்கள் வேறு இடத்தில் இருந்தால் மெட்டும் வேறு இடத்துக்குப் போகும்.

‘ஸ்டார்பர்ஸ்டர்’ பாட்டில் ஒருவர் மூச்சை இழுப்பதுபோல் ஒரு சத்தம் வருகிறதே, அது என்ன? (கூடலூர்)

சாட்டனின் மூச்சுதான். லண்டனில் செயின்ட் பான்கிரஸ் ரயில் நிலையத்தில் அவருக்குத் திடீரென்று பதற்றம் வந்து மூச்சு முட்டியது, அந்தப் பாட்டு அதிலிருந்து பிறந்தது. மூச்சுத் திணறலையே தாளத்தின் ஒரு அடியாக வைத்திருக்கிறார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் நெஞ்சு இறுகும். இந்த ஆல்பத்தில் எனக்கு மிகப் பிடித்த முடிவு இது.

எனக்கு வயது அறுபத்தெட்டு. பேரன் போட்டதால் கேட்டேன், இரைச்சலாகத்தான் இருந்தது. கர்நாடக சங்கீதமும் பழைய சினிமாப் பாட்டும் கேட்டு வளர்ந்தவன். எங்கே தொடங்கினால் பிடிபடும்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், உதகை)

வணக்கம் ஐயா. ‘ரொமான்ஸ்’ ஆல்பத்தில் ‘இன் த மாடர்ன் வேர்ல்ட்’ என்ற பாட்டிலிருந்து தொடங்குங்கள். தந்தி வாத்தியங்கள் விரிந்து வரும், மெட்டு நிதானமாக நடக்கும். அப்புறம் நான் மேலே சொன்ன அக்கார்டியன் பாட்டு, அது ‘ஸ்கின்டி ஃபியா’வில் இருக்கிறது. கடைசியாக ‘ஃபேவரிட்’. கிட்டார் மணியாட்டம் ஒலிக்கும்.

முதல் முறை கேட்கும்போது குரலையும் கிட்டாரையும் விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள் ஐயா. தாளம் போட்டுக் கேட்ட கைகள் உங்களுடையவை, உங்களுக்கு அது சுலபமாக வரும். டாம் கோல் என்பவர் வாசிக்கிறார். அந்த அடி பிடிபட்டதும் மேலே உள்ள இரைச்சல் தானாகவே பிரிந்து தெரியத் தொடங்கும்.

அப்படியானால் நான்கு ஆல்பத்திலும் மாறாமல் இருப்பது எது? (அரவேணு)

எல்லாரும் மாறியதையே கேட்டார்கள், நீங்கள் இதைக் கேட்டதற்கு நன்றி. சாட்டனின் டப்ளின் பேச்சு மாறவில்லை. உலகம் முழுக்க மேடை ஏறிய பிறகும், பொது ஆங்கிலத்துக்கு நாக்கைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஒரு வரியை மந்திரம்போலத் திரும்பச் சொல்வதும் அப்படியே இருக்கிறது. முதல் ஆல்பத்தில் அது கோஷம், நான்காவதில் தாலாட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பேசுவதிலிருந்து பாடுவதற்கு வந்திருக்கிறார், ஆனால் அதே வாய். இது இருப்பதால்தான் மற்ற எதை மாற்றினாலும் இவர்கள் என்று தெரிகிறது. குழுப் பெயரில் உள்ள டி.சி. என்பதே டப்ளின் நகரத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்துதானே.

நாங்கள் நாலு பேர் தமிழில் சொந்தப் பாட்டு வாசிக்கிறோம். முதல் பதிவு கிட்டாரும் டிரம்ஸுமாக முடிந்தது, அடுத்ததில் சத்தத்தை மாற்ற ஆசை. வீடு தகர ஷீட் போட்டது, மழை வந்தால் பதிவு போச்சு. என்ன செய்யலாம் அக்கா? (கோத்தகிரி)

முதலில் மழை. தகரத்தில் விழும் மழைச் சத்தம் கீழிருந்து மேல்வரை எல்லாச் சுருதியிலும் பரவிக் கிடக்கும். பதிவில் ஏறிவிட்டால் எந்த மென்பொருளும் குரலைக் காயப்படுத்தாமல் அதை எடுக்காது. அதனால் வேலையைப் பருவத்துக்கு ஏற்பப் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் வடகிழக்கு மழை பிடித்துக்கொள்ளும். அந்த மாதங்களில் பேஸ், எலெக்ட்ரிக் கிட்டார், கீபோர்டு எல்லாவற்றையும் மைக் இல்லாமல் நேராக இன்டர்ஃபேஸில் (வாத்தியத்தைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) செருகிப் பதிவு செய்யுங்கள், மழை கேட்கவே கேட்காது. குரலும் டிரம்ஸும் வெயில் நாளுக்கு. அறையின் மூலைகளிலும் பாடுபவருக்குப் பின்னாலும் கனமான கம்பளியைத் தொங்கவிடுங்கள். எதிரொலி பாதியாவது அடங்கும். ‘ம்ம்’ என்ற கரண்ட் உறுமல் வந்தால் எல்லாப் பெட்டிகளையும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து எடுங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி சத்தம். கிட்டார் சத்தத்தை மாற்றும் புது பெடல் வாங்குவதில் பணத்தைப் போடாதீர்கள். பாட்டு பிறக்கும் இடத்தை மாற்றுங்கள். இதுவரை கிட்டாரில் தொடங்கியிருந்தால், அடுத்த இரண்டு பாட்டை பேஸில் தொடங்குங்கள், ஒன்றை டிரம்ஸும் குரலும் மட்டும் வைத்து எழுதுங்கள். கிட்டார் வாசிப்பவர் கடைசியாகத்தான் உள்ளே வர வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். கோபம் வரும், பரவாயில்லை. பாடும் தமிழை மட்டும் மாற்றாதீர்கள். வீட்டில் பேசுகிற அதே பேச்சில் பாடுங்கள்.

அந்தப் பதிவில் நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களின் ‘கொள்’ என்ற ஊதுவாத்தியத்தைச் சேர்த்தால் நம் மலையின் சத்தம் வரும் இல்லையா? (அதே குழுவிலிருந்து இன்னொருவர்)

ஆசை புரிகிறது. ஆனால் ஃபோனில் எடுத்த துண்டை வெட்டி ஒட்டாதீர்கள். கோத்தர் இசையில் பல மெட்டுகள் தெய்வத்துக்கும் சாவுக்கும் உரியவை, இன்ன நேரத்தில் இன்னதுதான் வாசிக்கலாம் என்ற முறை இருக்கிறது. வாசிப்பவரிடம் போய்க் கேளுங்கள். எதை வாசிக்கலாம், எதைக் கூடாது என்று அவர்தான் சொல்ல வேண்டும். வந்தால் குழுவில் ஒருவராக வரட்டும், பெயரும் பணமும் சமமாகப் போகட்டும். சம்மதிக்கவில்லை என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் என் கிட்டார் சுருதி நிற்பதே இல்லை. மட்டமான கிட்டாரா? (உதகை)

கிட்டார் மேல் பழி போடாதீர்கள். குளிரில் இரும்புத் தந்தி சுருங்கி இறுகும், சுருதி ஏறும். வாசிக்க வாசிக்கக் கைச்சூட்டில் இளகி இறங்கும். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பி, மறுபடி ஏறும். உறைபனி விழும் காலையில் வெளியிலிருந்து கொண்டுவந்த பெட்டியை உடனே திறக்காமல் கொஞ்ச நேரம் அறையில் வையுங்கள். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் மரத்துக்கு நல்லது. மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போடுங்கள். பதிவின்போது ஒவ்வொரு முறை வாசிக்கும் முன்னாலும் சுருதி பாருங்கள்.

அடுத்த ஆல்பத்தில் ‘டோக்ரெல்’ சத்தத்துக்குத் திரும்புவார்களா? (குன்னூர்)

திரும்பக் கூடாது என்பதே என் விருப்பம். அந்தச் சத்தம் டப்ளினில் வாழ்ந்த இளைஞர்களுடையது, இன்று அதைச் செய்தால் நடிப்பாகிவிடும். அடுத்த கூட்டத்தில் ‘ஸ்கின்டி ஃபியா’வைப் போடலாம் என்று நினைக்கிறேன். வருபவர்கள் ஃபோன் ஸ்பீக்கரில் முன்கூட்டியே கேட்டுவிட்டு வராதீர்கள், அதில் பேஸ் கேட்காது.