பிறந்தநாள் ட்ரீட் என்றாலே நெஞ்சு படபடக்கிறது

மேடம்,

எனக்கு வயது 26. சொந்த ஊர் தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். பெருங்குடியில் பிஜியில் தங்கி, ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 31,000 ரூபாய். அதில் பிஜிக்கு 8,500, வீட்டுக்கு 10,000, கல்விக்கடனுக்கு 5,200 போய்விடும். மீதி 7,300தான் என் மாதச் செலவுக்கு.

கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் எட்டுப் பேரும் இப்போது சென்னையில்தான் இருக்கிறோம். படிக்கும்போது யாருக்குப் பிறந்தநாளோ அவர் கேன்டீனில் பப்ஸும் ரோஸ்மில்க்கும் வாங்கித் தருவார். அவ்வளவுதான் ட்ரீட். இப்போது எல்லாம் மாறிவிட்டது. போன பிறந்தநாளுக்கு வாட்ஸ்அப் குரூப்பில் அவர்களே ஒரு பஃபே ஹோட்டலை முடிவு செய்து, "பர்த்டே பேபி ட்ரீட்" என்று போட்டுவிட்டார்கள். தலைக்கு 1,200. எட்டுப் பேருக்கு ஜிஎஸ்டியோடு 10,080 ரூபாய். கிரெடிட் கார்டில்தான் கட்டினேன். அந்தக் கடன் இன்னும் முழுசாகத் தீரவில்லை.

அடுத்து வந்தது, ஆன்சைட்டில் அமெரிக்கா போய்விட்டுத் திரும்பிய தோழியின் பிறந்தநாள். "அங்கெல்லாம் பிறந்தநாள்காரங்களைப் பணம் கட்ட விட மாட்டாங்க, நாம ஷேர் பண்ணிக்கலாம்" என்று ஒருவன் ஆரம்பித்தான். எல்லாரும் சரி என்றார்கள். அன்று நான் சாப்பிட்டது ஒரு வெஜ் ஃபிரைட் ரைஸும் லைம் சோடாவும். கேக், கிஃப்ட் எல்லாம் சேர்த்து என் பங்கு என்று வந்தது 2,150. என் பிறந்தநாளில் மொத்தமும் நானே கட்டியது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. சாப்பாட்டுக்கு இப்படிக் கணக்குப் பார்க்கிறோமே, நான் கஞ்சமா என்று என் மேலேயே கோபம்.

அடுத்த மாதம் மறுபடி என் பிறந்தநாள். ஊருக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிடலாமா, இல்லை குரூப்பை விட்டே விலகிவிடலாமா என்று யோசிக்கிறேன். "பணத்தைப் பார்த்துப் பழகுறவங்க சகவாசம் எதுக்கு" என்கிறார் அம்மா. ஆனால் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது திருநெல்வேலிக்கு என்னோடு ராத்திரி பஸ்ஸில் வந்து, ஆஸ்பத்திரி வராண்டாவில் படுத்துக் கிடந்தவளும் அந்த ஆன்சைட் தோழிதான். என்ன செய்வது, மேடம்?

பெயர் வேண்டாம், சென்னை

*

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கஞ்சம் இல்லை. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கல்விக்கடனையும் கட்டிக்கொண்டு, நண்பர்களுக்காக 10,080 ரூபாய் செலவழித்தவர் நீங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களைக் கஞ்சம் என்று அதில் வேறு யாருமே சொல்லவில்லை. நீங்கள்தான் சொல்லிக்கொள்கிறீர்கள்.

உங்கள் குழுவில் இரண்டு வழக்கங்கள் மோதிக்கொண்டிருக்கின்றன. நம் ஊரில் பிறந்தநாள் கொண்டாடுபவர்தான் கொடுப்பார். பள்ளியில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வகுப்பு முழுக்க சாக்லேட் நீட்டுவோமே, அங்கே தொடங்குகிறது இது. ஆபீஸில் ஸ்வீட் பாக்ஸ் திறப்பதும் அதன் தொடர்ச்சிதான். அமெரிக்காவில் பெரும்பாலும் நண்பர்கள் சேர்ந்து பிறந்தநாள்காரரை அழைத்துப்போய், அவர் பங்கையும் தாங்களே கட்டுவார்கள். இரண்டுமே நல்ல வழக்கம்தான். எல்லாருக்கும் ஒன்றே பொருந்தும்வரை யாருக்கும் நஷ்டமில்லை. உங்கள் குழுவில் பாதி வழியில் விதி மாறியது, நீங்கள் இரண்டிலும் மாட்டிக்கொண்டீர்கள். யாரும் உங்களை ஏமாற்றத் திட்டமிட்டதாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் உங்கள் வருத்தம் நியாயமானது. உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் தூக்கம் வந்திருக்காது.

இதை ஏன் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை? மார்கரெட் கிளார்க், ஜட்சன் மில்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவரோடு நெருங்கிப் பழக விரும்புகிறவர், தான் செய்த உதவிக்கு அவர் உடனே பதில் உதவி செய்து கணக்கை நேர் செய்தால், அவரைச் சற்றுக் குறைவாகவே விரும்பினார். நெருக்கமான இடத்தில் கணக்கு வாடை வரக் கூடாது என்று மனசு நினைக்கிறது. நீங்கள் வாயை மூடிக்கொண்டதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் வாயை மூடியதால் கணக்கு நின்றுவிட்டதா என்ன? 2,150 என்ற எண் உங்களுக்கு இன்னும் துல்லியமாக நினைவிருக்கிறதே.

புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்து மொய் விருந்தைப் பாருங்கள். யார் எவ்வளவு செய்தார் என்பது நோட்டில் ஏறுகிறது, திருப்பிச் செய்யும் முறையும் எல்லாருக்கும் தெரிகிறது. அந்த மக்கள் பாசம் இல்லாதவர்கள் இல்லை. நண்பர்களுக்குள் மொய் நோட்டுப் போடச் சொல்லவில்லை நான். விதி வெளிப்படையாக இருக்கும் இடத்தில் மனசுக்குள் ரகசிய நோட்டு எழுத வேண்டி வராது, அவ்வளவுதான்.

பில்லைச் சமமாகப் பிரிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் ஒருவரையொருவர் அறியாத மாணவர்களை ஆறு ஆறு பேராக ஹோட்டலுக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். ஆய்வு வெளியானது 2004இல். அவரவர் தின்றதற்கு அவரவரே கட்டியபோது ஒருவருக்குச் சராசரியாக 37 ஷெக்கல் ஆனது. சமமாகப் பிரிப்போம் என்றபோது 51 ஷெக்கல் வரை போனது. இவ்வளவுக்கும், எது பிடிக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது பெரும்பாலானவர்கள் அவரவர் பில்லை அவரவர் கட்டுவதையே விரும்பினார்கள். உங்கள் எட்டுப் பேரிலும் இப்படி மனசுக்குள் புழுங்குகிறவர் இன்னும் ஒருவராவது இருப்பார் என்றே நினைக்கிறேன். வண்டி இஎம்ஐயோ, அக்கா கல்யாணக் கடனோ, யாருக்கு என்ன நெருக்கடி என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் நெருக்கடியும் அவர்களுக்குத் தெரியாதே.

அதனால் பொய் வேண்டாம். ஊருக்குப் போவதாகச் சொன்னால் இந்த வருடம் தப்பிக்கலாம், அடுத்த வருடம் வேறு பொய் தேட வேண்டும். பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் முன்பே, மற்றவர்கள் இடம் தேட ஆரம்பிக்கும் முன், நீங்களே குரூப்பில் போட்டுவிடுங்கள்: "இந்தத் தடவை என் பர்த்டேக்கு ஞாயிறு காலை எல்லாருக்கும் என் செலவில் டிபன். அப்புறம் பெசன்ட் நகர் பீச். கிஃப்ட் எதுவும் வேண்டாம்." இவ்வளவு போதும். காரணம் விளக்காதீர்கள், மன்னிப்புக் கேட்காதீர்கள். அழைப்பவர் செலவு செய்கிறார் என்றால், எங்கே, எவ்வளவு என்பதையும் அழைப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். போன வருடம் தவறியது இதுதான். இடத்தை முடிவு செய்தவர்கள் அவர்கள், பணம் உங்களுடையது.

"என்ன, டிபனோட முடிச்சுட்டே?" என்று யாராவது கிண்டல் செய்யலாம். "என் பட்ஜெட் இதுதாண்டா" என்று சிரித்துச் சொல்லுங்கள். முதல் தடவை நாக்கு எழாது. சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும் என்பதை என்னிடம் வந்த பலரிடம் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் பிறந்தநாளுக்கு ஷேர் என்று பேச்சு வந்தால், போவதற்கு முன்பே கேளுங்கள்: "தலைக்கு எவ்வளவு வரும்? நான் 700க்குள்தான் முடியும்." அதற்கு மேல் போனால், கேக் வெட்டும் நேரத்துக்குப் போய் வாழ்த்திவிட்டு வாருங்கள். அதுவும் வந்ததுதான்.

குரூப்பை விட்டு விலகுவதைப் பற்றி. உங்கள் அம்மாவின் கோபம் மகள் மேல் உள்ள அக்கறையில் வருவது. ஆனால் ஆஸ்பத்திரி வராண்டாவில் படுத்தவள் உங்கள் பணத்தைப் பார்த்துப் பழகியவள் இல்லை. அவளிடம் மட்டும் தனியாகப் பேசுங்கள். 2,150ஐத் திருப்பிக் கேட்க வேண்டாம், போன வருடத்து பில்லையும் நீட்ட வேண்டாம். "எனக்கு இந்த ட்ரீட் எல்லாம் கஷ்டமா இருக்குடி, கார்டு கடன் இன்னும் ஓடுது" என்று உள்ளதைச் சொல்லுங்கள். உங்களுக்காக ராத்திரி பஸ் ஏறியவளுக்கு இது புரியும். குரூப்பில் நீங்கள் அந்தச் செய்தியைப் போடும்போது முதல் ஆளாக "சூப்பர், நான் வரேன்" என்று எழுதவும் ஒருத்தி இருப்பாள்.

கார்டு கடனுக்கு மினிமம் டியூ மட்டும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். அதன் வட்டி பெரும்பாலும் மாதத்துக்கு மூன்று சதவீதத்துக்கு மேல். அது தீரும்வரை நண்பர்களுக்கான எந்தச் செலவையும் கார்டில் போட வேண்டாம், டிபன் உட்பட. கையில் அந்த மாதம் இருக்கும் பணத்துக்கு எட்டுப் பேர் எங்கே சாப்பிட முடியுமோ, அந்த இடத்துக்கு அழையுங்கள்.